முனியாண்டிக்கு முதலுதவி

கடவுளை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்தில் நாளிதழைச் சுற்றிக் கட்டி, வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கி எறிந்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருவன் இருக்கிறேன். மறைத்துப் பயனில்லை. கிள்ளானில் பாதிப்பேர் நேரில் பார்த்தவர்கள். மீதிப்பேருக்கு என் மனைவி சொல்லிவிட்டாள்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் மூன்று வாரமாக ஒரு விண்ணப்பப் படிவம் கிடந்தது. ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சிக்கானது. பயிற்சி முடித்தால் ஆம்புலன்ஸில் போகிற வேலை கிடைக்கும். படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும், என்னுடையது ஒன்று, அப்பாவுடையது ஒன்று. திங்கட்கிழமை கடைசி நாள். இரண்டுமே விழவில்லை.

அப்பா ரயில்வேயில் தலைமை எழுத்தர். மலாய் மண்ணுக்கு வந்த எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அந்தக் காலத்துப் பையன்களுக்கு இரண்டே வேலைகள்தான் உண்டு. ஒன்று டாக்டர். மற்றது, டாக்டர் ஆகவில்லையே என்று ஆயுள் முழுக்க வருத்தப்படுவது.

"ரோட்டில விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடுறதுக்கோ நான் உன்னை இவ்வளவு தூரம் படிப்பிச்சனான்?" என்று அப்பா படிவத்தின் மேலேயே தேநீர்க் கோப்பையை வைத்தார். (அந்த வட்டக் கறை கடைசிவரை போகவில்லை.)

அவர் கையெழுத்து கிடக்கட்டும், என் கையெழுத்து ஏன் விழவில்லை என்பதுதான் விஷயம். சிறுவயது முதல் எனக்கு ஆம்புலன்ஸ் என்றால் பைத்தியம். சைரன் கேட்டால் சோற்றுக் கையோடு ஜன்னலுக்கு ஓடுவேன். உள்ளே யார்? என்ன ஆயிற்று? பின்னால் உட்கார்ந்திருப்பவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்? எல்லாம் தெரிந்தாக வேண்டும். ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. என் கண்ணெதிரே ஓர் ஆள் விழுந்தால் நான் ஓடுவேனா? ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவேன்? அம்மா கோழி அறுத்தாலே நான் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிற ஆள். இந்த ஒன்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

அதைக் கண்டுபிடிக்கத்தான் வார இறுதி முதலுதவிப் படை ஒன்றில் சேர்ந்தேன். வெள்ளைச் சட்டை, தொப்பி, தோளில் ஒரு பை. ஆறு மாதத்தில் நான் பார்த்த ரத்தமெல்லாம் கட்டுத்துணி வெட்டும்போது என் விரலிலிருந்து வந்ததுதான். பாடம் மட்டும் தேவாரம் மாதிரி மனப்பாடம். தலையில் அடிபட்டவனிடம் மூன்று கேள்வி கேள். உன் பெயர் என்ன, நீ எங்கே இருக்கிறாய், இன்றைக்கு என்ன கிழமை. பதில் குழம்பினால் படுக்கவை, கழுத்தை அசையவிடாதே, வண்டியைக் கூப்பிடு.

படையில் என் கூட்டாளி செல்வம். கிள்ளான்காரன். "ஞாயித்துக்கிழம எங்க கோயில்ல பூச. நல்ல கூட்டம் வரும். நீயும் யூனிஃபார்ம் போட்டுட்டு வா லா, ஆட்டுக்கறி சோறு," என்றான். திங்கட்கிழமைக்கு முந்தைய நாள். ஒரு கேஸ் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று பஸ் ஏறினேன்.

ரயில் பாதையை ஒட்டிய ஆலமரத்தடி முனியாண்டி கோயில் அது. தகரக்கூரை, அதற்கு முன்னால் ஒரு கொட்டகை. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டார் போகிற கோயிலில் சாமி உள்ளே இருக்கும். பால் ஊற்றினாலும் பன்னீர் ஊற்றினாலும் வாயைத் திறக்காது. சாமி ஓர் ஆள்மேல் வந்து இறங்கும், பேசும், சுருட்டுக் கேட்கும், குறி சொல்லும் என்பதெல்லாம் நான் பார்த்ததே இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதானே என்று செல்வமும் சொல்லவில்லை.

கொட்டகை ஓரத்தில் எங்கள் முதலுதவி மேசை. பக்கத்தில் இருந்த ஒரே நாற்காலியில் ஒரு பெரியவர் கையில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தார். ரெங்கசாமி என்று பெயர், பிறகு தெரிந்தது. முகமெல்லாம் வியர்வை.

"அண்ணே, இது முதலுதவிக்கு உள்ள நாற்காலி. கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருங்க," என்றேன்.

"சரி தம்பி," என்று அவர் மெதுவாக எழுந்து போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். நான் நாற்காலியில் என் பையை வைத்தேன். அந்தப் பையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

பகல் பன்னிரண்டுக்கு உடுக்கை வேகம் பிடித்தது. செல்வம் மோட்டார் சைக்கிளில் ஐஸ் வாங்கப் போயிருந்தான். நான் பஞ்சு உருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது 'ணங்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால், செல்வத்தின் தாய்மாமன் மாரியப்பன் மாமா, துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர், கொட்டகைக் கம்பில் பின்மண்டை மோதிச் சரிந்துகொண்டிருந்தார். மறுபடி எழுந்தார். கண் மேலே செருகியிருந்தது. உடம்பு உதறியது. யாரோ அவர் வாயில் சுருட்டைச் சொருகினார்கள். தலையில் அடிபட்ட ஆளுக்குச் சுருட்டா! என்ன அநியாயம்!

நான் ஓடினேன். வழியில் உட்கார்ந்திருந்த ரெங்கசாமியின் காலைத் தாண்டித்தான் ஓடினேன். மாரியப்பன் மாமா முன்னால் முட்டி போட்டு, படையில் கற்றுக்கொடுத்த குரலில் கேட்டேன்:

"உங்க பேர் என்ன?"

உடுக்கை நின்றது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பூசாரி எனக்குப் பலமாகத் தலையாட்டினார். (சாமி வந்தால் முதலில் 'வந்திருக்கிறது யார், பேரைச் சொல்' என்று கேட்பதுதான் அங்கே முறையாம். வெள்ளைச் சட்டைத் தம்பி விவரமாக ஆரம்பிக்கிறானே என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி.)

"முனியாண்டிடா!" என்று அவர் உறுமினார்.

ஆனால் என்னிடம் இவரை மாரியப்பன் என்றல்லவா சொல்லியிருந்தார்கள்? முதல் கேள்வி தவறு. அடுத்தது.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஆலமரத்துல இருக்கேன்! ஆத்தோரம் இருக்கேன்! ஒன் பின்னாலயும் இருக்கேன்டா!"

நான் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். இரண்டும் தவறு.

"இன்னைக்கு என்ன கிழமை?"

முனியாண்டியிடம் இதுவரை யாரும் கிழமை கேட்டதில்லை. சாமி ஒரு கணம் ஆடுவதை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தது.

"எனக்கேதுடா கிழமை!"

மூன்றும் தவறு. மண்டை கலங்கிவிட்டது, சந்தேகமே இல்லை. "ரெண்டு பேர் வாங்க, கால புடிங்க, படுக்க வைங்க!" என்று கத்தினேன். யூனிஃபார்ம் போட்டவன் கத்தினால் நம் ஆட்கள் கேட்பார்கள். இரண்டு பேர் வந்தார்கள், பிடித்தார்கள். சுருட்டைப் பிடுங்கி வீசினேன். நாளிதழை மடித்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். நெற்றியில் விபூதி, மார்பில் மாலை, கழுத்தில் நேற்றைய விளையாட்டுச் செய்தி. சாமி ஆடாமல் அசையாமல் கொட்டகைத் துணியைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

"ஏன்டா என்னக் கட்டுற?" என்று கேட்டது.

"பேசாம படுங்க அங்கிள், ஒன்னும் ஆகாது," என்று தைரியம் சொன்னேன்.

பூசாரி குனிந்து நான் எறிந்த சுருட்டைத் தேடினார். பக்கத்தில் பாவாடை தாவணியில் ஒரு பெண் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். மாரியப்பன் மாமாவின் மகள் சாந்தி.

"கடையில போய் 999க்கு போன் பண்ணுங்க. தலையில அடின்னு சொல்லுங்க!"

"அண்ணே, அது சாமி."

"சாமியோ யாரோ, சீக்கிரம் ஓடுங்க!"

ஓடினாள். (அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.)

சற்று நேரத்தில் செல்வம் ஐஸோடு வந்தான். தாய்மாமனைப் பார்த்தான், நாளிதழைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஐஸ் கட்டி அவன் காலிலேயே விழுந்தது. "டேய், என்னடா பண்ணித் தொலச்ச?" என்று காதோரம் வந்து விளக்கினான். அங்கேயே பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. கட்டை அவிழ்க்கலாம் என்று குனிந்தேன். அதற்குள் சைரன் கேட்டுவிட்டது.

வண்டியிலிருந்து அஸ்மான் என்ற மலாய்க்கார உதவியாளர் இறங்கி, "மானா பெசாகிட்?" என்று நோயாளியைத் தேடினார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது முனியாண்டி, கழுத்தைத் திருப்ப முடியாத நிலையிலும், கையை மட்டும் உயர்த்திக் காட்டியது.

"வண்டி எனக்கில்லடா! எலுமிச்சம்பழம் வெச்சிருக்கான் பாரு, அவனுக்கு!"

கூட்டம் விலகியது. ரெங்கசாமி சுவரில் சாய்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்து, முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அஸ்மான் ஓடிப்போய் நாடியைப் பிடித்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். ஏறு என்று யாரும் சொல்லவில்லை, நானே ஏறிவிட்டேன். அத்தனை வருடம் ஜன்னலிலிருந்து பார்த்த வண்டியின் உள்ளே அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். பிராணவாயுக் குழாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் அஸ்மான். என் மறு கையில் அந்த எலுமிச்சம்பழம். அஸ்மான் பெரியவரிடம் அதே மூன்று கேள்வியை மலாயில் கேட்டார். பெரியவர் மூன்றுக்கும் அடக்கமாகச் சரியான பதில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"ரெண்டு நாளா நெஞ்சுல கல்ல வெச்ச மாதிரி இருக்கு தம்பி. என்னான்னு சாமிகிட்ட கேக்கலாம்னு காத்துக்கிட்டிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இருந்த நாற்காலியைப் பிடுங்கிப் பைக்குக் கொடுத்தவன் நான். சத்தம் போட்டவரிடம் ஓடினேன், சத்தம் போடாதவரைத் தாண்டி ஓடினேன். ஆனால் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டே ஒன்றைக் கவனித்தேன். மூன்று வாரக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தப்பான ஆளிடம்தான் ஓடினேன். ஆனாலும் விழுந்த ஆளை நோக்கித்தான் ஓடினேன், வாசலை நோக்கி அல்ல. அன்று மாலை வீட்டுக்குப் போய், சட்டைகூட மாற்றாமல், தேநீர் வட்டத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

நடந்ததை அப்பாவிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடவுளையே கட்டிப்போட்டவனை நான் மறிச்சு என்ன செய்யிறது?" என்று பேனாவை எடுத்தார்.

ரெங்கசாமி இரண்டு வாரம் வார்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார். முனிதான் வண்டியை முன்கூட்டியே வரவழைத்தார், அதற்கு இந்த யூனிஃபார்ம் பையனைப் பிடித்துக்கொண்டார் என்பது கோயிலின் தீர்ப்பு. மாரியப்பன் மாமாவிடம் பல தடவை கேட்டுவிட்டேன். "எனக்கென்ன தெரியும் தம்பி? நான்தான் அங்க இல்லயே!" என்பார். ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் அதே இடத்தில் நானே மல்லாக்கப் படுத்துப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் கொட்டகைக் கம்பு தெரிகிறது. சுவரோரம் தெரியவில்லை. இன்னும் எனக்குப் புரியவில்லை.

சாந்தி என் மனைவி ஆனாள், மாமா என் மாமனார் ஆனார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆம்புலன்ஸில் ஓடினேன். ஒவ்வொரு வருடப் பூசையிலும் முனி இறங்கியதும் யாருக்கும் குறி சொல்வதில்லை. முதலில் என்னைக் கூப்பிட்டு முட்டி போடச் சொல்லும்.

"ஒன் பேர் என்னடா? எங்க இருக்க? இன்னைக்கு என்ன கிழம?"

கையைக் கட்டிக்கொண்டு மூன்றுக்கும் பதில் சொல்வேன். கோயிலே சிரிக்கும். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு.

நான் ஓய்வு பெற்ற வருடம், இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டு நேராகப் பூசைக்குப் போனேன். மாமனாருக்கு வயதாகிவிட்டது, முனிக்கு மட்டும் குரல் குறையவில்லை. பெயரைச் சொன்னேன், இடத்தைச் சொன்னேன். கிழமை கேட்டபோது, "சனிக்கிழமை சாமி," என்றேன்.

அன்றைக்கோ ஞாயிற்றுக்கிழமை.

முனியாண்டி குனிந்து என் பிடரியில் கையை வைத்தது. "கழுத்த அசைக்காதடா," என்றது. "சாந்தி! வண்டியக் கூப்புடு!"