நீலக் கோட்டும் நாலு விரலும்

கோட்டின் நடுப் பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. குமாஸ்தா மூச்சைப் பிடித்தார். வயிறு உள்ளே போவதற்குப் பதில் முகம்தான் சிவந்தது.

"விடுங்க சார், பட்டன் தெறிச்சு என் கண்ணைக் கெடுத்துடப் போகுது!" என்றார் டெய்லர். "பிரிச்சு விட உள்ளே துணி இல்லை, நீங்கதான் இளைக்கணும். கோட்டை வீட்டுல வச்சா பூச்சி அரிக்கும். இங்கேயே மாட்டி வைக்கிறேன். சனிக்கிழமை சனிக்கிழமை வந்து போட்டுப் பாருங்க."

நாலு மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். அவள் அம்மாவோடு போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. போன வாரம் போனில், "அப்பா, சின்ன வயசுல என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பீங்களே ஒரு போட்டோவுல, அந்த நீலக் கோட்டு இருக்கா? அதைப் போட்டுக்கிட்டு வந்து என் பக்கத்துல நில்லுங்க" என்றாள்.

இதைக் குமாஸ்தா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி மனைவியைப் பற்றி வரும்.

உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள். 'இலக்கு' என்ற கட்டத்தில், 'உடம்பு குறைய வேண்டும்' என்று எழுதினார்.

"என்ன சார் இது? பஸ்ஸுல ஏறி, 'எங்கேயாவது போகணும்'னு டிக்கெட் கேக்குற மாதிரி இருக்கு!" என்றான் பயிற்சியாளன். "தெளிவா ஒண்ணு எழுதுங்க."

அடித்துவிட்டு, 'நீலக் கோட்டு, நடுப் பட்டன், நாலு மாதம்' என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் மாதம் நடந்தார். மூன்று கிலோ குறைந்தது. கோட்டில் அதே நாலு விரல்.

"பழைய துணி சார். உங்களை முந்திக்கிட்டு அது சுருங்குது" என்ற டெய்லர், தயாராக வைத்திருந்த இரண்டு கிளாஸிலும் டீயை ஊற்றினார். மழையில் தொடங்கி, மாடி வீட்டு நாய்க்குத் தூக்கம் வராதது வரை பேசினார்கள். வாரத்தின் மற்ற நாட்களில் வீட்டில் குமாஸ்தா பேசுவது ரேடியோவோடு மட்டும்தான். அதுவும் அது நேரத்தைத் தப்பாகச் சொன்னால்.

இரண்டாம் மாதம் ஓடினார். நாலு விரல். மூன்றாம் மாதம் ராச் சாப்பாட்டை நிறுத்தினார். மேனேஜரிடம் கோப்பைக் கொடுக்க எழுந்தபோது பேன்ட் முழங்காலுக்கு இறங்கியது. மேனேஜர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டாக்டரைப் பாருங்க சார்" என்றாள் பக்கத்து மேஜைப் பெண். "ரெண்டு கன்னமும் உள்ளே போய் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது."

பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்ததும் டெய்லர்தான். கோட்டில் மட்டும் நாலு விரல்.

"பதினோரு கிலோ இறங்கியிருக்கீங்க!" பயிற்சியாளன் தலையைச் சொறிந்தான். "ஒருவேளை எலும்பே அகலமோ? இன்னும் அம்பது தடவை குனிஞ்சு நிமிருங்க."

குனிந்தார். நிமிர்வதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கடைசிச் சனிக்கிழமை. கோட்டை மாட்டினார். விரல்களை வைத்துப் பார்த்தார். நாலு. மெதுவாகக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"வேண்டாம்ணே. நாளைக்கு நான் போகலை."

"எங்கே?"

"என் பொண்ணு கல்யாணத்துக்கு. இந்தக் கோட்டுல வந்து பக்கத்துல நிக்கச் சொன்னா. பதினஞ்சு வருஷத்துல அவ என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்."

டெய்லர் டீ கிளாஸை டக்கென்று கீழே வைத்தார்.

"அட மனுஷா! நாலு மாசமா ஊர்க்கதையெல்லாம் பேசுனீங்களே, இதைச் சொல்ல வாய் வரலையா?" கோட்டை வாரி எடுத்துக்கொண்டார். "ஒரு மணி நேரம் அசையாம உட்காருங்க."

திரைக்குப் பின்னால் 'சர்ர்', 'சர்ர்' என்று தையல் பிரியும் சத்தம். பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் வந்து சுருக்கம் நீவிக் கொடுத்தார்.

குமாஸ்தா கோட்டைப் போட்டார். நடுப் பட்டன் வலிக்காமல் காஜாவுக்குள் போனது. போனதோடு, உள்ளே ஒரு முழுக் கையை விட்டுத் துழாவும் அளவுக்கு இடமும் இருந்தது.

"எப்படிண்ணே?"

டெய்லர் குனிந்து, தரையில் கிடந்த நூலைப் பொறுக்கத் தொடங்கினார்.

"எப்படியாம் எப்படி!" என்றார் இஸ்திரிக்காரர். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இவரு பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சதை இன்னைக்குத்தான் பிரிச்சிருக்காரு. கோட்டு உங்களுக்குப் பொருந்திட்டா, மறு சனிக்கிழமை நீங்க வர மாட்டீங்களாம்!"