கம்ப்யூட்டர் போட்ட கல்யாணப் பட்டியல்

அரைகுறையாகக் கற்றவன் வாயை மூடிக்கொண்டு இருந்ததாகச் சரித்திரமே இல்லை. நான் மட்டும் இருப்பேனா?

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில், ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் வேலை. அங்கே கம்ப்யூட்டரில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்று ஒன்றைக் கற்றேன். எந்த எழுத்துகள் எப்படி வரவேண்டும் என்று ஒரு குறிப்பு கொடுத்தால், அதற்குப் பொருந்தும் வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். (அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை.)

அந்த நேரம்தான் ஈஜோக்கில் அக்காவுக்குக் கல்யாணம். அப்பா காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்ததால், பத்திரிகை வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர் சொல்லச் சொல்ல, புருஷன் பெண்டாட்டி பெயர்களை ஆளுக்கொரு வரியாக எழுதி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அடையாள அட்டையில் உள்ளபடி ஆண்கள் பெயர் நடுவே a/l (மலாயில் 'இன்னாரின் மகன்'), பெண்களுக்கு a/p ('மகள்'). வீட்டுக்கு ஒரு பத்திரிகை போதுமே! 'a/l உள்ள வரிகளை மட்டும் கொடு' என்றேன். கண் சிமிட்டும் நேரத்தில் தந்தது.

"எல்லாருக்கும் வச்சிட்டியாடா?" என்றார் அப்பா.

"கம்ப்யூட்டர் லிஸ்ட்டு லா, பா. ஒரு வீடு விடல!"

முகூர்த்தம் நெருங்கியும் பொன்னம்மா அத்தை வரவில்லை. சொந்த அத்தை அல்ல. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன நாளெல்லாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் அக்காவை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவர். அக்கா மணவறையில் அழுதுவிட்டாள்.

மறுநாள் உலு யாமுக்கு ஓடினேன். அத்தை திட்டாமல் காப்பி போட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"கோவமெல்லாம் இல்லப்பா. பழைய தோட்டத்து லயத்து வீட்டு ஆளுங்கள்ல மூணு பேருக்குத்தான் பத்திரிகை வரல. மூணு பேருமே தாலியறுத்தவங்க. நல்ல காரியத்துக்கு நாங்க வேணாம்னு புரிஞ்சிகிட்டோம்."

புருஷன் செத்த வீட்டில் a/l வரி எப்படி இருக்கும்? அந்த மூன்று பேரும் கம்ப்யூட்டர் இல்லாமலே கண்டுபிடித்தது, படித்த முட்டாளான எனக்குத் தெரியவில்லை.

"ஐயோ அத்தை, நான் விடல! கம்ப்யூட்டர்தான் உங்க பேர எடுக்கல!"

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அதுக்குமா தெரிஞ்சிபோச்சு?"

எங்கள் குடும்பத்தில் இன்றும் யாரையாவது அழைக்க மறந்தால், "கம்ப்யூட்டர் எடுக்கல லா" என்று சிரிப்பார்கள். இருந்தவரை அத்தையும் சிரித்தார். அக்கா மட்டும் சிரித்ததில்லை. அவள் மகள் கல்யாணத்துக்கு என் கையில் ஒரு பத்திரிகைகூடக் கொடுத்தனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை.