நாசிகானந்தரும் சுருங்கிய தோடும்

நிலாணியின் மூக்கு வளர்ந்துவிட்டது. அதற்குச் சாட்சியாகப் படம் இருந்தது. ஆனால் மூக்குக்கண்ணாடி மட்டும் இன்னும் வழுக்கி உதட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பிடிபடாத சிக்கல் இதுதான். வங்கியில் காசு எண்ணிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. ஒரு கை நோட்டை எண்ணும், மறு கை கண்ணாடியைத் தள்ளும். வளர்ந்த மூக்கில் கண்ணாடி ஏன் நிற்கவில்லை?

பழைய மூக்கில் அது நன்றாக நின்றது. நடுவில் ஒரு மேடு வைத்த மூக்கு அது, தகப்பனிடமிருந்து வந்தது. அந்த மேடு பிடிக்காமல் ரொறொன்ரோ டொக்டர் ஒருவரிடம் போய்ச் செதுக்கிக்கொண்டாள். மேட்டைச் செதுக்கச் சொன்னால் அவர் பள்ளம் தோண்டிவிட்டார். அதோடு வலப்பக்க மூக்குச் சுவர் பலமிழந்து, மூச்சை இழுக்கும்போதெல்லாம் உள்ளே ஒட்டிக்கொண்டது. ஒன்றரை வருடமாக அவள் வாயால்தான் மூச்சு விடுகிறாள். படுத்தால் நித்திரை இல்லை. கெட்டுப்போன மூக்குகளைத் திருத்துகிற நிபுணர் ஒருவரிடம் மாதக்கணக்காகக் காத்திருந்து, வருகிற வியாழக்கிழமைக்கு நேரம் கிடைத்திருந்தது.

இந்த இடத்தில்தான் நாசிகானந்த சுவாமிகள் வருகிறார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், டோனட் கடைக்கும் உடுப்புத் தோய்க்கிற கடைக்கும் நடுவில், முன்பு கம்பளம் விற்ற கடையில் சுவாமிகள் எழுந்தருளினார். வாசலில் பனிச் சப்பாத்துகள் மலைபோலக் குவிந்தன. மோர்னிங்சைடிலிருந்து ஆட்கள் இரண்டு பஸ் மாறி வந்தார்கள்.

சுவாமிகளின் தத்துவம் சுருக்கமானது. மூக்கு முகத்தின் தலைவாசல். தலைவாசல் பழுதானால் திருமகள் உள்ளே வரமாட்டாள். வேலை போனதா? மூக்கு. அகதி வழக்கு இழுபடுகிறதா? மூக்கு. பேஸ்மென்டுக்குள் தண்ணீர் வந்ததா? அதுவும் மூக்குத்தான்.

"நான் மூக்கை வெட்டேல்லையே, சாமி" என்று யாராவது சொன்னால் சுவாமிகள் புன்னகைப்பார். "குழந்தையில் குளிக்க வார்த்தபோது உன் தாய் மூக்கைப் பிடித்து விட்டாள் அல்லவா? அப்போதே கோணிவிட்டது."

யார்தான் மறுக்க முடியும்? நம்மில் மூக்குப் பிடித்துவிடப்படாமல் வளர்ந்தவர் யார்? ஆகவே எல்லோரும் நோயாளிகள். பிடித்துவிட்டால் மூக்கு எழும்பும் என்று தலைமுறை தலைமுறையாக நம்புகிற சனத்துக்கு, மந்திரத்தால் மூக்கு எழும்பும் என்பதை நம்ப ஒரு எட்டுத்தான் தேவை. பிடித்துவிடாத பிள்ளைகள் எந்த நாட்டிலும் மூக்கில்லாமல் திரியவில்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

சுவாமிகள் காசைத் தொடமாட்டார். எவ்வளவு பெரிய மனம்! இழந்த மூக்குக்கு ஈடாகத் தங்க மூக்குத்தி ஒன்றை உண்டியலில் போட்டால் போதும். மீசை வைத்த ஆண்களும் நகைக்கடையில் வெட்கப்படாமல் நின்று மூக்குத்தி வாங்கினார்கள்.

பூசை இப்படி நடக்கும். பழுதான மூக்கோடு சந்நிதிக்குக் கிட்டப் போகக்கூடாது. வாசலோரம் நிற்க வேண்டும். சுவாமிகள் மேடையில் நின்றபடி, நீண்ட லென்ஸ் பூட்டிய கமராவால் அங்கிருந்தே முதல் படத்தை எடுப்பார். பிறகு மந்திரம், திருநீறு, மூக்குத்தி. இப்போது மூக்கு சுத்தமாகிவிட்டது. மேடைக்குக் கிட்ட வரலாம். சுவாமிகள் லென்ஸைச் சுருக்கி, மூச்சுப் படுகிற தூரத்தில் நின்று இரண்டாவது படத்தை எடுப்பார். பக்கத்திலேயே ஒரு மணித்தியாலத்தில் படம் கழுவித் தருகிற கடை. பசனை முடிய முன்னரே படங்கள் வந்துவிடும். இரண்டிலும் முகம் ஒரே அளவு. இரண்டாவதில் மூக்கு பெரிது. அரோகரா!

முகம் பார்க்கும் கண்ணாடியை மட்டும் ஒரு மண்டலத்துக்குப் பார்க்கக்கூடாது. இடத்தை வலமாகக் காட்டுகிற பொய்யன் அது என்றார் சுவாமிகள். கமரா சத்தியசந்தன்.

நிலாணியைத் தாய் குணவதி இழுத்துக்கொண்டு போனது அங்கேதான். இப்போது குசினி மேசையில் இரண்டு படங்களும் கிடந்தன.

"அம்மா, மூக்கு வளர்ந்திட்டுதெண்டால் இது ஏன் இன்னும் வழுக்குது?"

"மூக்கு வளர்ந்தது கண்ணாடிக்கு இன்னும் தெரியாது போல."

"ஆர் சொல்லவேணும்? கடிதம் போடுறதோ?"

"உந்த வாய் ஒண்டுதான் உனக்கு. இந்தா, படத்தைப் பார். அச்சொட்டா அப்பான்ரை மூக்கு. அவர் செத்தண்டு ஒருக்கா அழுதனான். அந்த மூக்கை நீ வெட்டிப்போட்டு வந்தண்டு ரெண்டாந்தரம் அழுதனான்."

நிலாணி படங்களைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "வியாழக்கிழமை டொக்டரிட்டைப் போறன்" என்றாள்.

"ஒரு இடமும் போகவேண்டாம். அருள் வந்த மூக்கிலை கத்தி பட்டால் அது கோவிச்சுக்கொண்டு போயிடுமெண்டு சாமி சொன்னவர்."

"எங்கை போகும்? மொன்றியலுக்கோ?"

"பகிடி விடாதை. நாளைக்கே போன் அடிச்சு நிப்பாட்டு."

நிறுத்தினால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இன்னும் எத்தனை மாதம் வாயால் மூச்சு விடுவது? நிலாணி படங்களை எடுத்து, அப்பாவின் மூக்கு எங்கே என்று தேடினாள். கண் மூக்கில் நிற்காமல் காதுக்குப் போனது. பூசைக்கென்று அம்மாவின் கலியாணத் தோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். முதல் படத்தில் தோடு பெரிதாக இருந்தது. இரண்டாவதில் சின்னதாகி, கன்னத்துக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டிருந்தது.

மூக்கு வளரலாம் என்றே வைத்துக்கொள்வோம். தங்கம் சுருங்குமா?

அடுத்த நாள் வேலை முடிந்ததும் அவள் அஜின்கோர்ட்டுக்குப் போனாள். அங்கே அவளுடைய கூட்டாளி லக்சிகா சேலைக் கடை வைத்திருந்தாள். சேலைகளைப் படமெடுக்க அவளிடமும் நீண்ட லென்ஸ் கமரா ஒன்று இருந்தது. கண்ணாடி யன்னலுக்குள் காஞ்சிபுரம் கட்டி, தோடு போட்டு, பொட்டு வைத்துச் சக்கரப் பலகையில் ஒரு பொம்மை நின்றது. லக்சிகா அதற்குத் தங்கராணி என்று பெயர் வைத்திருந்தாள். சுவாமிகள் எடுத்தது போலவே அதை இரண்டு படம் எடுக்க வேண்டும் என்றாள் நிலாணி.

"எடியே, உனக்கு விசரோ? பொம்மைக்கு ஆர் மூக்கு வெட்டினது?"

"ஒருத்தரும் வெட்டேல்லை. அதுதான் வேணும்."

கடையின் ஒரு அந்தத்திலிருந்து ஒரு படம். லென்ஸைச் சுருக்கி, முகத்துக்குக் கிட்ட வைத்து இன்னொன்று. மந்திரமும் இல்லை, திருநீறும் இல்லை. கழுவி வந்த படங்களைப் பார்த்து லக்சிகா வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கராணிக்கும் மூக்கு வளர்ந்திருந்தது. தோடு சுருங்கியிருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை மற்றக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தால், அது நகரத்திலேயே உயரமான சிஎன் கோபுரத்தையே மறைத்துவிடும். விரல் வளர்ந்ததாக யாரும் உண்டியலில் மூக்குத்தி போடுவதில்லை. கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். மூக்கு நுனி காதைவிட நாலைந்து அங்குலம் முன்னால் இருக்கிறது. கமரா இருபது அடி தள்ளி நின்றால் அந்த நாலைந்து அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு அடிக்குள் வந்துவிட்டால், மூக்கு கமராவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன், காது அடுத்த தெருக்காரன். மூக்கு பெருக்கும், காதும் தோடும் சிறுக்கும். முகம் இரண்டிலும் ஒரே அளவாகத் தெரியும்படி லென்ஸை நீட்டிச் சுருக்குவதுதான் சுவாமிகளின் முழுத் தவம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. நிலாணி மேடைக்குப் போய் இரண்டு படங்களையும், சின்னப் பெட்டியில் ஒரு மூக்குத்தியையும் நீட்டினாள்.

"சாமி, இவ தங்கராணி. அஜின்கோர்ட்டிலை இருக்கிறா. நடக்கேலாது, ஒரே நிண்ட நிலைதான். உங்கடை பூசைக்கு வராமலே மூக்கு வளர்ந்திட்டுது."

சுவாமிகளின் கண் முதலில் பெட்டிக்குப் போனது, பிறகுதான் படங்களுக்கு. "தெரியும். தியானத்தில் இந்தப் பெண்ணைக் கண்டோம். நாம் நினைத்தாலே போதும், மூக்கு வளரும். பாவம், மனதுக்குள் எல்லாவற்றையும் அடக்கிக்கொள்கிறவள். வாய் திறந்து பேசமாட்டாள்."

"ஒரு சொல்லும் பேசமாட்டா, சாமி."

"வயிற்றுக் கோளாறும் உண்டு."

"வயித்துக்குள்ளை ஒண்டுமே இல்லை, சாமி."

"அரோகரா!" என்றது கூட்டம்.

அப்போது லக்சிகா தங்கராணியைச் சக்கரப் பலகையோடு உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். "விலகுங்கோ, விலகுங்கோ. விழுந்து கும்பிட ஏலாது அவவுக்கு. இடுப்பு மடியாது."

மண்டபமே திரும்பிப் பொம்மையைப் பார்த்தது. ஏமாற்று வெளிப்பட்டது, கூட்டம் தெளிந்தது என்று நினைக்கிறீர்களா? நீங்கள் நம் சனத்தை அறியாதவர். முன்வரிசையில் இருந்த பஸ்ரியன் அண்ணை இரு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"பொம்மைக்கே வளர்ந்திட்டுது! மனிசருக்கு வளராதே?"

"அரோகரா!" முன்னதைவிடப் பெரிய சத்தம். சுவாமிகளுக்கு உயிர் வந்தது.

"அப்ப ஒண்டு செய்வம்" என்றாள் நிலாணி. "கமராவை ஒரே இடத்திலை வைச்சு, பூசைக்கு முதல் ஒண்டும் பிறகு ஒண்டும் எடுங்கோ, சாமி. அவ்வளவுதான்."

"தெய்வத்தைப் பரீட்சிக்கிறாயா? மூக்கு அழுகும்!"

கூட்டம் உறுமியது. நிலாணி தாயிடம் திரும்பி, தன்னுடைய படங்களைக் கொடுத்தாள். "மூக்கைப் பாக்காதேங்கோ, அம்மா. தோட்டைப் பாருங்கோ."

குணவதி பார்த்தார். மறுபடி பார்த்தார். எழுந்து நின்றார்.

"சாமி, மூக்கு வளர்ந்தது சரி. என்ரை கலியாணத் தோடு ஏன் சுருங்கினது? மிச்சத் தங்கம் எங்கை?"

மண்டபம் முழுக்கக் கைப்பைகள் திறந்தன, படங்கள் வெளியே வந்தன. "ஐயோ, என்ரை ஜிமிக்கி!" "என்ரை தோட்டிலை கல்லையே காணேல்லை!" அறிவு தட்டியும் திறக்காத கதவைத் தங்கம் உடைத்துக்கொண்டு போனது. பின்வரிசையில் ஒருவர் கத்தினார்: "உவர் குலசிங்கம் எல்லே! மொன்றியலிலை கலியாண வீடுகளுக்குப் படம் எடுத்தவர்!"

சுவாமிகள் ஓடினார். சப்பாத்து மலையில் சறுக்கி விழுந்து, அகப்பட்ட இரண்டு இடக்கால் சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு பனிக்குள் வட்டமாக ஓடினார். உண்டியலும் கமராவும் மேடையில் நின்றன. லக்சிகா கமராவைக் கதிரையில் அசையாமல் வைத்து, பஸ்ரியன் அண்ணையை இருத்தி ஒரு படம் எடுத்தாள். ஒரு தேவாரத்தை முழுதாகப் பாடி முடித்து இன்னொரு படம். கழுவிப் பார்த்தார்கள். அதே மூக்கு.

வியாழக்கிழமை குணவதியும் மகளோடு டொக்டரிடம் போனார். "அப்பான்ரை மூக்கு திரும்ப வருமோ எண்டு கேள்" என்றார்.

நிலாணி கேட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள். "வராதாம், அம்மா. மூச்சு வருமாம்."

குணவதி கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்து, அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு, "மூச்சு வந்தால் காணும்" என்றார்.

சத்திரசிகிச்சையில் காதின் பின்புறத்திலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்தார்கள். ஒரு துண்டு சரிந்த மூக்குச் சுவருக்கு முட்டுக் கொடுத்தது. இன்னொரு துண்டு மேலே இருந்த பள்ளத்தை நிரப்பியது. வீக்கம் வற்றப் பல மாதங்கள் ஆயின. இப்போது நிலாணி வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள். கண்ணாடி வழுக்குவதில்லை.

நீங்கள் இனி அற்புதம் பார்க்கப் போனால், தங்கம் சுருங்கும்வரை மூளையைப் பொத்தி வைத்திருக்காதீர்கள். கமராவை ஒரே இடத்தில் வைத்து இரண்டு படங்களையும் எடுக்கச் சொல்லுங்கள்.