ஒரே பஸ்ஸில் போன மூவர்

அடுத்தவர் ஊருக்குக் கிளம்பினால் பதறுகிற ஒரே ஜீவன் இந்த உலகத்தில் நாங்கள் 'டைம்கீப்பர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்த எங்கள் தோழிதான். கேசட் போய் சிடி வந்திருந்த காலம், பெரம்பலூர் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ், பெண்கள் ஹாஸ்டல். எவள் பையைத் தூக்கினாலும் வாசலை மறித்து நிற்பாள்.

"எந்தப் பஸ்ஸுடி? எப்ப வருவ? கம்ப்யூட்டர அணைச்சுட்டியா? அய்யய்யோ!"

ஜன்னலுக்கு ஜன்னல் கேபிள் இழுத்து எங்கள் கம்ப்யூட்டர்களையெல்லாம் அவள்தான் இணைத்திருந்தாள். நடுவில் பெரிய மெஷின் எதுவும் கிடையாது. பாட்டோ பாடமோ, துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் மூன்று அறைக் கம்ப்யூட்டர்களில் காப்பி போட்டுவைப்பாள். ஒருத்தி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஊருக்குப் போனால் அவளிடம் இருந்த துண்டை உடனே வேறொரு அறையில் ஏற்றிவிடுவாள். அந்தக் கேபிளில் வார்டன் ஈரப் புடவையைக் காயப்போட்டபோதுகூடக் கோபப்படவில்லை. "கிளிப்பு மட்டும் போடாதீங்க மேடம், அதுக்கு வலிக்கும்" என்றாள்.

மத்தியானங்களில் அறைக்கு அறை மெஷின்கள் முனகும். அவள் கண்ணை மூடிப் படுத்தபடி, "இப்ப எல்லாரும் இருக்காங்கடி" என்று சிரிப்பாள். அந்த நேரம் ஹாஸ்டலே மெல்ல மிதப்பது போலிருக்கும் எனக்கு.

கடைசி வருடம் என் கம்ப்யூட்டர் புகைந்து செத்தது. திங்கட்கிழமை புராஜெக்ட் கொடுக்காவிட்டால் டிகிரி தள்ளிப்போகும். "அழுவாத, எல்லார்ட்டயும் இருக்கு" என்று காய்ச்சலோடு எழுந்து வந்து துண்டு துண்டாக இழுத்தாள். ஒன்று மட்டும் வரவில்லை. அதை வைத்திருந்த மூவரும் வரதராஜன்பேட்டைக்காரிகள். அவள் காய்ச்சலில் கிடந்த நேரம் பார்த்து, அறைகளைப் பூட்டிக்கொண்டு ஊர்த் திருவிழாவுக்கு ஒரே பஸ்ஸில் போய்விட்டார்கள்.

"ஒரே ஊர்க்காரிங்ககிட்டயா வச்சேன்? நானெல்லாம் ஒரு ஆளா!"

தலையில் அடித்துக்கொண்டு, அவசரத்தில் வேறு வேறு ஜோடியிலிருந்து ஒவ்வொரு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு இறங்கினாள். "சாப்புடாம வுடமாட்டேன்னுட்டாங்கடி!" என் புராஜெக்ட் முழுசாக உயிர் பெற்றது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அன்றிலிருந்து புதுச் சட்டம். ஒரு துண்டின் மூன்று காப்பியில் ஒன்று ஜெயங்கொண்டம் பஸ் ஏறுகிறவளிடம், ஒன்று ஆலத்தியூர்க்காரியிடம், ஒன்று திருச்சிக்காரியிடம்.

"பொங்கலுக்கு எல்லாருமே போயிட்டா?" என்று கேட்டேன்.

"நான் போவல." சொன்னபடியே போகவில்லை.

படிப்பு முடிந்து கிளம்பிய அன்றும் வாசலை மறித்தாள். "எப்ப வருவ?" கேட்டபடியே ஒரு துண்டை சிடியில் போட்டு என் பையில் செருகினாள்.

அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எதனுடையது என்று தெரியாது, தனியாகத் திறக்கவும் வராது. கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் முதலில் அதைத்தான் ஏற்றுகிறேன். என்றைக்காவது அவள் தேடும்போது, நான் இல்லாமல் போய்விடக் கூடாது.