ஒழுகாத ஜீப்

என் தங்கை மைமூனின் நிக்காஹுக்கு மாப்பிள்ளை ஜீப்பில் வந்தார். இறங்கும்போது அவருடைய புதுக் கோட்டிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இதற்கு நானும் வாப்பாவும் பழைய ஜீப் வாங்கிய லட்சணம்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

பழைய வண்டி வாங்கப் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் பாதகமில்லை, நாலு பேரைக் கேட்டுப் பிழைத்துக்கொள்வான். வேறு ஏதோ ஒன்றில் கெட்டிக்காரனாக இருந்து, அந்தக் கெட்டிக்காரத்தனத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறவன்தான் மாட்டுவான். வாப்பா அந்த ரகம். நான் எந்த ரகத்திலும் சேராதவன். ராமநாதபுரத்தில் ஒரு தடவை ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து போனதை வைத்துக்கொண்டு, வண்டி விஷயம் எல்லாம் தெரியும் என்று ஊரில் சொல்லித் திரிந்தவன். (வழியில் நின்றால் தள்ளுவதற்காகத்தான் என்னை ஏற்றினார்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.)

எங்களுக்குத் திருப்பாலைக்குடி. வாப்பாவிடம் ஒரு வத்தை இருந்தது, கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய பாய்மரப் படகு. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் காகிதம் எங்கே, இந்தச் சீட்டு எங்கே என்று கேள்விகள் கூடிக்கூடி, அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கடைசியில் வாப்பா வத்தையை விற்றார். தொண்டிக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒழுங்கான ரோடு கிடையாது, மணலும் சேறும்தான். அதில் ஓடுகிற ஜீப் ஒன்று இருந்தால் ஆளையும் ஏற்றலாம், மீனையும் ஏற்றலாம் என்பது அவர் கணக்கு. வத்தை விற்ற காசுக்குள் புது வண்டியை நினைத்தே பார்க்க முடியாது. பட்டாளத்தார் உலக யுத்தத்துக்குப் பிறகு கழித்துவிட்டுப் போன ஜீப்புதான் கட்டுப்படியாகும்.

இதில் இன்னொரு சிக்கல். மைமூனைத் தொண்டியில் ஜமாலுக்குப் பேசி முடித்திருந்தோம். ஜமாலின் வாப்பாவும் வத்தைக்காரர், அவரிடம் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் வத்தையை விற்ற சேதி போனதும் அவர் ஆள் அனுப்பிச் சொன்னார்.

"நாங்க வத்தை வீடுன்னு நம்பித்தான் பொண்ணு கேட்டோம். இப்ப ஜீப்பு வீடுங்கிறீங்க. சரி, நாங்க வாறதே உங்க ஜீப்புலதான். வந்து சேந்தா நிக்காஹ். நடுவழியில நின்னுச்சுன்னா, நின்ன எடத்துலேருந்து ஊருக்குத் திரும்பிருவோம்."

மைமூன் ஜமாலை ஒரு தடவை கதவிடுக்கு வழியாகப் பார்த்திருந்தாள். அது போதும் அவளுக்கு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காக்கா, நல்ல வண்டியாப் பாத்து எடுத்துட்டு வா" என்றாள். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மறுநாளே நானும் வாப்பாவும் மதுரைக்குக் கிளம்பினோம்.

மதுரையில் ஒரு பட்டறைக்காரரிடம் மூன்று ஜீப் நின்றன. முதலாவது புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. நான் அதன் முன்னால் நின்று முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டேன். "வாப்பா, இதையே எடுத்துருவோம்" என்றேன். வாப்பா குனிந்து, வண்டியின் அடிச்சட்டம் முழுக்க விரலை மடக்கித் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. பெயின்டைச் சுரண்டினால் உள்ளே விரிசல், மேலே ஒட்டுவேலை. இரண்டாவது விலை மலிவு. ஆனால் முன் சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கிற தண்டையே கழற்றி விற்றுவிட்டிருந்தார்கள். மூன்றாவது பார்க்கச் சகிக்காது. டயர் மட்டும் நன்றாக இருந்தது.

"மணல்ல ஓட்டிக் காட்டுங்க" என்றார் வாப்பா.

வைகையில் தண்ணீர் இல்லாத நாள். பட்டறைக்காரர் மூன்றாவது ஜீப்பை ஆற்று மணலில் இறக்கி, சின்ன லிவரைத் தள்ளி, நாலு சக்கரமும் இழுக்க, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிக் காட்டினார். எங்கேயும் புதையவில்லை. அந்த இடத்தில் காசைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் நாங்கள் புத்திசாலிகள். வாப்பா ஒரு குடம் தண்ணீர் கேட்டார்.

வண்டித் தரையில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குனிந்து அடியில் பார்த்தார். ஒழுகியது. நாலு இடத்தில் ஒழுகியது.

"ஓட்டை" என்றார்.

"பாய், அது வந்து..." என்று பட்டறைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். வாப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெலையச் சொல்லுங்க."

"நாலு ஓட்டை. அதையும் கணக்குல வச்சுச் சொல்லுங்க" என்றேன் நான், எல்லாம் தெரிந்தவன். பட்டறைக்காரர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அப்புறம் வாயை மூடிக்கொண்டு விலையைக் குறைத்தார்.

ஊருக்கு வந்ததும் வாப்பா வேலையை ஆரம்பித்தார். வத்தையில் பலகை இடுக்குகளைப் பஞ்சு திணித்து அடைப்பதைக் கலப்பத்து என்போம். ஜீப்பின் நாலு ஓட்டைக்கும் அதே வைத்தியம். பஞ்சைத் திணித்து, குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி, இறுக அடித்தார். ஏறி இறங்குகிற இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. "பக்கப் பலகை இல்லாம ஒரு கலமா" என்று முழங்கால் உயரத்துக்குப் பலகை வைத்து, அதன் இடுக்கையும் அடைத்தார். ஏறுகிறவர்கள் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். நான் பக்கத்தில் நின்று குங்கிலியச் சட்டியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வண்டியின் தரையில் ஓட்டை எதற்கு இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அதற்குள் நான் மணலில் வண்டி ஓட்டப் பழகியிருந்தேன். நிக்காஹ் அன்று நான் ஓட்ட, நானும் வாப்பாவும் தொண்டிக்குப் போனோம். முன்சீட்டில் என் பக்கத்தில் ஜமாலின் வாப்பா ஏறிக்கொண்டார். பின்னால் மாப்பிள்ளையும் எங்கள் வாப்பாவும். மற்றவர்கள் மாட்டுவண்டிகளில் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். மணலில் ஜீப் பிரமாதமாகப் போனது. ஜமாலின் வாப்பாவுடைய முகம் கொஞ்சம் இளகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓடை ஒன்று குறுக்கே வந்தது. காலையில் கணுக்கால் அளவுதான் இருந்தது. இப்போது ஏற்றம். பார்க்காமல் இறக்கினேன்.

நடு ஓடையில் இடப்பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தது. வண்டி சாய்ந்தது, பலகைக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே கொட்டியது. பயத்தில் நான் இன்ஜினை அணைத்தேன். (அன்று நான் செய்த ஒரே சரியான காரியம். அதுவும் பயத்தில்.)

கொஞ்ச தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றோடு ஓடி வந்தார்கள். இழுத்து இழுத்துக் கரையில் பாதி ஏற்றினார்கள். அதற்கு மேல் நகரவில்லை. ஓடைத் தண்ணீர் வெளியில் இருக்க, எங்கள் தண்ணீர் எங்களோடு இருந்தது. நாலு பேரும் இடுப்பு நனைய உட்கார்ந்திருந்தோம்.

"ஏலே, ஜீப்ப இழுக்கச் சொல்றியா, கடலச் சேத்து இழுக்கச் சொல்றியா?" என்றார் வலைக்காரர் ஒருவர்.

உள்ளே வந்த தண்ணீர் இறங்கிப் போகத்தான் அந்த நாலு ஓட்டையும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தண்ணீருக்குள் கையை விட்டு ஸ்பேனரால் குத்தினேன், குடைந்தேன். வாப்பாவின் கலப்பத்து அசையவில்லை. பலகையும் அசையவில்லை. மைமூன் வீட்டில் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு வந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. வண்டி நடுவழியில் நின்றுவிட்டது, பேச்சு பேச்சுதான்.

பின்னால் சளக் என்று சத்தம் கேட்டது. ஜமால் துருக்கித் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. படகில் தண்ணீர் ஏறினால் இறைக்க வேண்டும், அவ்வளவுதான் என்பது போல இறைத்தார். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்த அவருடைய வாப்பா மெதுவாகக் காலைத் தூக்கிப் போட்டு இறங்கினார். போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. குனிந்து ஜீப்பின் அடியில் பார்த்தார். பலகை இடுக்கில் விரலை ஓட்டிப் பார்த்தார். சுற்றி வந்து மறுபடியும் குனிந்தார்.

"ஒரு சொட்டு எறங்கலையே. யாரு கலப்பத்து?"

"நாந்தான்" என்றார் எங்கள் வாப்பா, குனிந்த தலையை நிமிர்த்தாமல்.

"இரும்புல எப்படிப் பிடிச்சுச்சு?"

"எண்ணெயக் கொஞ்சம் கொறச்சேன்."

அவர் நிமிர்ந்தார். ஓடையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"என் வத்தை ரெண்டும் ஒழுகுது, சம்பந்தி. நிக்காஹ் முடிஞ்சதும் ஒரு நடை வந்து பாத்துக் குடுங்க."

சொல்லிவிட்டுத் தன் தொப்பியையும் கழற்றி இறைக்க ஆரம்பித்தார்.

இறைத்து முடித்து, இன்ஜினைத் துடைத்துக் காயவைத்துக் கிளப்பி, வீட்டு வாசலுக்கு வந்தபோது அசர் முடிந்து வெகுநேரமாகிவிட்டது. ஈரக் கோட்டோடுதான் மாப்பிள்ளை கபூல் என்று சம்மதம் சொன்னார்.

அந்த நாலு ஓட்டையையும் திறக்க, மதுரையிலிருந்து பட்டறைக்காரரே உளியோடு வர வேண்டியிருந்தது. இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது பழைய வண்டி பார்க்கப் போனால் மைமூனையும் கூட்டிப் போக வேண்டும். அவள் செம்பில் தண்ணீரோடு வருவாள். விற்கிறவர் பதறப் பதறத் தரையில் ஊற்றுவாள். பக்கத்தில் ஜமால் மச்சான் தலையில் இருக்கும் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவள் நிமிர்வாள்.

"நல்லா ஒழுகுது. வாங்கலாம்."