வெந்நீர்ப் பாட்டு

வாளி நிறைய வெந்நீரைக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்த பிறகுதான், அவர் கேட்டது டீ என்று பாட்டு டீச்சருக்குப் புரிந்தது. வாளியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள்.

கணவருக்கு மூளையில் ரத்தம் அடைத்து, வலது கையும் பேச்சும் சேர்ந்து போயிருந்தன. கை மெல்லத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண், பேச முடியாத சிலருக்குப் பாட வரும், அவருக்குப் பழகின பாட்டாகப் பாடிக் காட்டுங்கள் என்றாள். டீச்சர் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுத்துப்போய் அடுப்படிக்குப் போனவள், பழக்க தோஷத்தில் “வெந்நீர் காய்ஞ்சாச்சு, வாளி எங்கே போச்சு” என்று முணுமுணுத்தாள்.

கட்டிலிலிருந்து அதே வரி, அதே மெட்டில் வந்தது. கரகரப்பான குரல். ஆனால் ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை.

டீச்சர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அந்த மாதிரிப் பாட்டுகள் அவளிடம் ஏராளம். சின்ன வயதில் அம்மாவின் தையல் மிஷின் சத்தத்துக்கு வார்த்தை போட்டவள். முறையாகப் படித்து, பட்டம் வாங்கி, பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா, சாவிக்கொத்து என்று எது கிடைத்தாலும் பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டாக்கிவிடுவாள். வீட்டில் துணி மடிக்க ஒரு பாட்டு, மிக்ஸிக்கு ஒரு பாட்டு.

கல்யாணமான புதிதிலேயே கணவர் சொல்லிவிட்டார். “இது வீடா, ஒத்திகைக் கொட்டகையா? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?”

சும்மா இருக்க முடியவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அதன் இரைச்சலுக்குள் பாடப் பழகிக்கொண்டாள். அப்படி ஒளித்துப் பாடியதைத்தான் அந்த மனிதர் இப்போது பாடினார். அதற்காக அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்று எழுதினால் எழுதுகிறவருக்கே அசிங்கம்.

சிக்கல் என்னவென்றால், அவரிடம் இருந்தது அந்த ஒரே பாட்டு. பசித்தால் வெந்நீர். முதுகு அரித்தால் வெந்நீர். அதனால் அவள் உட்கார்ந்து டீக்கு, ஃபேனுக்கு, ஒன்றுக்குப் போக என்று தனித்தனியாகப் பாட்டுக் கட்டினாள். அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். அவள் வகுப்பில் இவ்வளவு வேகமாகக் கற்ற பிள்ளை கிடையாது.

உறவுக்காரர்களுக்குப் புல்லரித்தது. பெண்டாட்டியின் பாட்டுதான் அவருக்கு நாக்கு என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஒரு பெண்ணைக் கட்டிப்போட இதைவிட நல்ல கயிறு கிடையாது.

அப்போதுதான் தலைமையாசிரியை போன் செய்தார். “திங்கட்கிழமை நீங்க வரலைன்னா நிர்வாகம் வேற ஆளை நிரந்தரமாப் போட்டுடும் டீச்சர். இப்ப வர்றவங்க பிள்ளைங்களைக் கைகட்டி உட்கார வைக்கிறாங்க. உங்க கதவுப் பாட்டு பாதியிலயே நிக்குது.”

கதவுப் பாட்டு என்பது வகுப்பறைக் கதவின் கிறீச்சலை வைத்துப் பிள்ளைகள் கட்டிக்கொண்டிருந்தது. அதன் மீதி, போனை வைத்த பிறகும் டீச்சரின் தலைக்குள் ஓடியது. எப்படியாவது போய்விட வேண்டும்.

முதலில் பராமரிப்புக்கு ஒரு பெண்ணை அமர்த்தினாள். பாட்டுகளையெல்லாம் சொல்லிக் கொடுத்து, சோதனைக்காகக் கடைத்தெரு வரை போய்வந்தாள். அவர் ஃபேன் பாட்டைப் பாடியிருக்கிறார். அந்தப் பெண் ஃபேனைப் போட்டிருக்கிறாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஃபேன் பாட்டு. வேகத்தைக் கூட்டியிருக்கிறாள். அதற்குள் மெத்தை நனைந்துவிட்டது.

“எந்த வேலைன்னாலும் செய்வேன்மா, பாட்டுப் போட்டிக்கு ஜட்ஜா மட்டும் இருக்க முடியாது” என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்து கணவரின் அக்காவை வரவழைத்தாள். அந்த அண்ணிக்குப் பாட்டு நினைவில் நிற்காது என்பதால் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து, எதற்கு எது என்று விளக்கினாள். அண்ணி போனைப் போட்டதும் அவர் உற்சாகமாகி, மொத்தப் பாட்டையும் வரிசையாகக் கூடவே பாடினார். அண்ணி டீ, வாளி, மூத்திரச் சட்டி எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுவந்து, வாளியில் இடறி விழுந்தார். கால் பூசணிக்காயாக வீங்கியது.

“என் தம்பி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த வீட்டுல இப்ப ரெண்டு நோயாளி இருக்க மாட்டாங்க” என்றார் அண்ணி. அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

கடைசியாக, பாட்டே வேண்டாம் என்று ஒரு தட்டையும் ஸ்பூனையும் கொடுத்தாள். டீக்கு ஒரு தட்டு, கழிப்பறைக்கு இரண்டு தட்டு. அவர் நிறுத்தாமல் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, நோயாளியென்றாலும் ஒரு நேரங்காலம் வேண்டாமா என்று கத்திவிட்டுப் போனார். அவள் ஸ்பூனைப் பிடுங்கினாள். அவர் குழந்தை மாதிரி அவளைப் பார்த்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். “வெந்நீர் காய்ஞ்சாச்சு...”

மற்ற பாட்டெல்லாம் மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வெந்நீர்தான். இத்தனைக்கும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடியெடுத்துக் கொடுத்தால் ஒரு பாட்டும் தப்பாது.

திங்கட்கிழமை காலையில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் போய் வேலையை விடறதா எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன். இனிமே எங்கேயும் போகலை. போதுமா?”

அவர் கண் கலங்கியது. டீ பாட்டைத் தப்பில்லாமல் பாடினார். அவளும் அழுதாள்.

கீழ்வீட்டு அம்மாவை எட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுத்தாள். திரும்பி வரும் வழியில் பாட்டு வகுப்பைக் கடக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். காற்றில் கதவு கிறீச்சிட்டது. யாரோ ஒரு வாண்டு பெஞ்சில் பதில் தாளம் தட்டியது. “யாரது?” என்று புது டீச்சர் அதட்டினார். இவள் நிற்காமல் நடந்தாள்.

தெருமுனைக்கு வந்ததும், பாடிப் பாடி அவருக்குத் தொண்டை கட்டியிருப்பது நினைவுக்கு வந்தது. மருந்துக்கடையில் ஏறி, சப்புகிற மாத்திரை ஒரு அட்டை கேட்டாள்.

“அதைத்தான் வீட்டுக்கே அனுப்பிட்டேனேம்மா” என்றார் மருந்துக்கடைக்காரர். “இப்பத்தான் சார் போன்ல சொன்னாரு, ‘அவ வேலையை விட்டுட்டு வந்துக்கிட்டிருப்பா, அதுக்குள்ள கொடுத்தனுப்பிடு’ன்னு.”