காணிக் கந்தோரின் மூலவளம்

கணினியின் வரலாற்றையும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள் என்ற செய்தி, எங்கள் காணிக் கந்தோருக்கு ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு உத்தியோகபூர்வமாகத் தெரியவந்தது. கொண்டு வந்தவள் கொண்டச்சிக் கிராமத்து நுஸ்ரியா.

அவளுக்கு இரண்டு அலுவல். ஒன்று, தன் ஆய்வுக்கு ஒரு பழைய கணினியைப் பார்ப்பது. மற்றது, உம்மாவின் காணி அனுமதிப்பத்திரத்தை எடுப்பது. வெள்ளிக்கிழமைக்குள் அதைக் காட்டினால்தான் உம்மாவுக்கு வீட்டுத்திட்டத்தில் வீடு. பத்திரத்தை முதலில் கேட்டிருக்கலாம். படித்த பிள்ளை, வரலாற்றை முதலில் கேட்டுவிட்டது.

“இந்தக் கிழட்டுச் சாமானையோ?” என்றார் அதிகாரி ரொபின்சன். இருபத்தைந்து வருடமாக எங்கள் பத்திரங்களையெல்லாம் அச்சடிக்கும் கணினி அது.

“சேர், இது கணினி வரலாற்றுக்கு அருமையான மூலவளம். இன்னும் ஓடுறது பெரிய விசயம்.”

ரொபின்சன் கதிரையை விட்டு எழும்பினார். பதினைந்து நிமிடத்தில் ‘மூலவளப் பேணற் குழு’ உதயமானது. தலைவர் அவரேதான். பாவித்தால் வரலாறு தேயும் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்து, வயரைக் கழற்றி, சுற்றிவரக் கயிறும் கட்டியது.

“சேர், உம்மாட பத்திரம் இதுக்குள்ளதான் இருக்கு!”

“இனி ஒருத்தரும் தொடேலாது தங்கச்சி. வரலாறெல்லோ!”

“நேத்து வரைக்கும் தொட்டீங்கதானே?”

“நேற்று எங்களுக்கு வரலாறெண்டு தெரியாது.”

“நான் ஆய்வாளர். ஆய்வுக்குத் திறக்கலாமா?”

“தாராளமாத் திறக்கலாம். இந்தப் பிரதேசத்து ஆள் எண்டதுக்குக் காணி அனுமதிப்பத்திரம் கொண்டுவாங்கோ.”

அவளுக்குப் பின்னால் வரிசையில் பதினேழு பேர் நின்றோம். எல்லோருடைய பத்திரமும் அதற்குள்ளேதான். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு இரண்டிலொன்று பார்ப்பதென்று கயிற்றடிக்குப் போனோம்.

“படம் எடுக்கிற ஆக்கள் இந்தப் பக்கமா நில்லுங்கோ,” என்றார் எழுதுவினைஞர் கிருஷாந்தினி.

நின்றோம். நான் சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூன்றாவதாக நின்றேன். ரொபின்சன் நடுவில். எடுத்துத்தர ஆளில்லாமல், ஃபோனை நுஸ்ரியாவிடமே நீட்டினோம்.

சில மாதங்களில் அவளுடைய ஆய்வுக்கு முதல் வகுப்புக் கிடைத்ததாம். வீட்டுத்திட்டப் பட்டியலும் வந்துவிட்டது. அதில் உம்மாவின் பெயர் இல்லை. படத்தில் நாங்கள் பதினேழு பேரும் தெளிவாக இருக்கிறோம், எல்லோரும் சிரித்தபடி.